கோலில் நின்ற மருதை

ஸ்ரீரங்கம்
12.8.2024

திரு. கிளமென்ட் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் ஆனந்தவள்ளி. ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். என் அப்பா பெயர் முருகானந்தம். இந்தப் பெயரைப் பார்த்ததும் நீங்கள் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் இருந்தால் மேலே படியுங்கள். உங்கள் முகவரியைக் கொடுத்தது என்னோடு வேலை பார்க்கும் ஷெர்லின் டீச்சர். பொன்மலையில் உங்கள் பங்குக் கோயிலுக்குத்தான் அவரும் வருகிறார். போன் நம்பர் கேட்டேன். "அவர் போன்ல கத்துவாருங்க, லெட்டர் போடுங்க" என்றார்.

வருகிற ஐப்பசியில் அப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம். குடும்பத்தின் கதையைத் தேடி எழுதி, யாருக்கு யார் பிள்ளை என்று ஒரு பெரிய படமாக வரைந்து மண்டபத்தில் மாட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மாவட்ட மைய நூலகத்துக்குப் போனேன். அங்கே நூலகர் சுபலட்சுமி என் அவசரத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். எடுத்த எடுப்பில் சோழர் காலத்துக்குத் தாவக் கூடாதாம். என்னிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக மேலே ஏற வேண்டும், முதலில் உயிரோடு இருப்பவர்களைக் கேட்க வேண்டும், புத்தகம் அதற்கப்புறம்தான் என்றார்.

உயிரோடு இருப்பவரைக் கேட்டேன். "எங்கப்பா பேரு எதுக்கு? இனிஷியல்ல இருக்கில்ல, அது போதும்" என்றார் அப்பா. பத்திரிகையில்கூட அவர் பெயரைப் போடக் கூடாதாம். நான் விடாமல் நச்சரித்ததில் ஒரு நாள் கொட்டித் தீர்த்தார். அவருடைய அப்பா மருதை, பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். அப்பாவுக்கு ஐந்து வயதாகும்போது காய்ச்சலில் இறந்துபோனார். அப்பா இருபது வயதில் அங்கே வேலை கேட்டுப் போனபோது, "மருதை மகன் ஏற்கெனவே உள்ளே வேலை பார்க்கிறானே" என்று காட்டியிருக்கிறார்கள். அப்படிக் காட்டப்பட்டவர் உங்கள் அப்பா பிலோமின்ராஜ். தாத்தாவுக்குப் பொன்மலையில் இன்னொரு குடும்பம் இருந்தது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்ததாம். என் அம்மா பொன்னுத்தாய்க்கே இப்போதுதான் இந்தக் கதை தெரியும்.

நான் பங்கு கேட்டோ சண்டைக்கோ வரவில்லை. எங்கள் வீட்டில் தாத்தாவின் போட்டோ ஒன்றுகூட இல்லை. நூலகத்தில் உள்ளூர் வரலாறு என்று ஒரு அலமாரி இருக்கிறது. அதில் ஒர்க்‌ஷாப் கால்பந்துக் குழுவின் பழைய வெள்ளிவிழா மலர் கிடைத்தது. 1941 இறுதி ஆட்டத்தில் மருதை கோல் கீப்பராக நின்று, விரல் உடைந்த பிறகும் பந்தை விடவில்லை என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதன் நகலை இணைத்திருக்கிறேன். உங்களிடம் அவர் போட்டோ இருந்தால், ஏதாவது தெரிந்திருந்தால் எழுதுங்கள். அக்டோபர் முதல் வாரம் பத்திரிகை அச்சுக்குப் போகிறது. அதில் தாத்தா பெயர் வர வேண்டும், அதுவும் அப்பா மனசார ஒப்புக்கொண்டு வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இப்படிக்கு,
மு. ஆனந்தவள்ளி

பொன்மலை
20.8.2024

ஆனந்தவள்ளி டீச்சருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. கிழிப்பது உங்கள் குடும்பத்து வழக்கம்.

புரியாவிட்டால் சொல்கிறேன். 1964இல் ஒர்க்‌ஷாப் வாசலில், ஷிப்ட் விட்டு ஆட்கள் சைக்கிளோடு வெளியே வருகிற நேரத்தில், உங்கள் அப்பா என் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கிழித்தார். நீலக் கட்டம் போட்ட புதுச் சட்டை. முதல் சம்பளத்தில் எடுத்தது. என் அப்பாவுக்கு இப்போது எண்பத்தொன்று. காலையில் என்ன சாப்பிட்டார் என்பது மறந்துவிடும். அந்தச் சட்டை மறக்கவில்லை. தன் அப்பாவுக்கு உறையூரில் இன்னொரு பெண்டாட்டி இருந்ததை அன்றைக்கு ஊர் முன்னால்தான் அவரும் தெரிந்துகொண்டார். தாத்தா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்; வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அழுவார்களே என்று.

நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் படித்தேன். சுத்தப் பொய். என் தாத்தா கோல் கீப்பரே கிடையாது. முன்னால் நின்று ஆடுகிறவர். 1941 இறுதி ஆட்டத்தில் ஜெயித்த கோலைப் போட்டதே அவர்தான். இந்தக் கதை கேட்காமல் எங்கள் வீட்டில் ஒரு கிறிஸ்துமஸ் போனதில்லை. கோலில் நின்றது அவருடைய பெரியப்பா மகன். "கீப்பர் அண்ணன்" என்றுதான் தாத்தா சொல்வாராம். ஒரு மனிதன் இந்தப் பக்கம் கோலையும் காத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்க் கோலும் போட முடியுமா? நீங்கள் கணக்கு டீச்சர்தானே?

மேற்கொண்டு எழுத வேண்டாம்.

ச. பி. கிளமென்ட்

டீச்சர், நான் அவர் மனைவி லிசி. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்ததால் இடம் பார்த்து எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தார். மேஜை டிராயரில்தான் வைத்திருக்கிறார். நீங்கள் எழுதுங்கள்.

ஸ்ரீரங்கம்
25.8.2024

திரு. கிளமென்ட் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னவருக்கும், எழுதச் சொன்னவருக்கும் சேர்த்து இந்தக் கடிதம்.

சட்டை விஷயம் எனக்குத் தெரியாது. அப்பா சொல்லவில்லை. கேட்டதற்கு ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமான வேலை இருப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழித்திருக்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

ஆனால் நீங்கள் எழுதிய இன்னொரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. உங்கள் அப்பா தன் அம்மாவிடம் கேட்கவே இல்லை என்றீர்களே, என் அப்பாவும் கேட்கவில்லை. பொன்மலையிலிருந்து திரும்பியவர், புருஷன் போன துக்கத்தோடு இருக்கிறவளுக்கு இது வேறா என்று வாயை மூடிக்கொண்டாராம். கடைசிவரை சொல்லவில்லை. தாத்தா இறந்ததுமே அப்பாவைத் தாய்மாமன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், அப்பா வழிச் சொந்தம் யாரும் அவருக்குப் பழக்கமில்லை. இரண்டு பிள்ளைகள், இரண்டு அம்மாக்கள். இரண்டு வீட்டிலும் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் போயிருக்கிறது.

உங்கள் கோல் கணக்கைச் சுபலட்சுமியிடம் சொன்னேன். இரண்டு தகவல் முட்டிக்கொண்டால் நமக்குப் பிடிக்காததைக் கிழித்துப் போடக் கூடாது (இது எங்கள் குடும்பத்துக்காகவே சொன்னது போல இருந்தது), இரண்டையும் பென்சிலில் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று பக்கத்திலேயே குறித்துவைக்க வேண்டும் என்றார். குறித்துவைத்திருக்கிறேன்: "கோலில் நின்றவர்: வெள்ளிவிழா மலர்." "கோல் போட்டவர்: பொன்மலைக் கோபக்காரர்."

அந்த மலரை வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். புத்தகம் பொய் சொல்கிறது என்றால் நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பஸ் பிடித்து வர அப்படியொன்றும் தூரமில்லை.

ஆனந்தவள்ளி

பொன்மலை
2.9.2024

டீச்சருக்கு,

போனேன். சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை, அந்தப் புத்தகத்தை எழுதினவனைக் கேள்வி கேட்கத்தான்.

பையை வாசலில் வைக்கச் சொன்னார்கள். பேனாவை உள்ளே போடுங்கள், பென்சில் இருந்தால் எடுங்கள் என்றார்கள். ஐம்பத்தேழு வயதில் பென்சிலோடு உட்கார்ந்தேன். நீங்கள் நகல் எடுத்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பினால், "ஆட்டம் முடிய இருந்த நேரத்தில் மருதை அடித்த பந்து வலையைக் கிழித்தது" என்று இருக்கிறது. என் தாத்தா. பின்னே? ஆனால் முந்தின பக்கத்தில் கோலில் நிற்பவரும் மருதை. அச்சுப் பிழை என்று நினைத்தேன். மலரின் கடைசியில், அட்டைக்கு முன்னால், வழுவழுத் தாளில் படங்கள் இருக்கின்றன. நீங்கள் அவ்வளவு தூரம் போகவே இல்லை. பிள்ளைகளுக்கு விடையைச் சரிபார்க்கச் சொல்லிக் கொடுக்கிற டீச்சர் நீங்கள்.

குழுவின் படம். கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் என் தாத்தா. எங்கள் வீட்டில் அவருடைய கல்யாணப் போட்டோ இருப்பதால் எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். அவர் தோளில் கை போட்டுக்கொண்டு, பந்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு விரலில் கட்டோடு இன்னொருவர். கீழே பெயர்கள் இருக்கின்றன. என் தாத்தா "சி. மருதை." பக்கத்தில் இருப்பவர் "கா. மருதை."

டீச்சர், திரும்பத் திரும்பப் படித்தேன். கீப்பர் அண்ணனுக்குப் பெயர் என்று ஒன்று இருக்கும் என்று எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததே இல்லை. அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களா? தாத்தா வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததே இல்லை. நான் இப்போது நினைப்பதை எழுதப் பயமாக இருக்கிறது. நீங்களே போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. எதிர் மேஜையில் பழைய செய்தித்தாள் கட்டுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டு ஒரு அம்மா, பச்சைப் புடவை, மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று மேஜையெல்லாம் தேடினார். "தலையில இருக்குங்க" என்றேன். அது நீங்கள்தானா?

கிளமென்ட்

ஸ்ரீரங்கம்
8.9.2024

கிளமென்ட் அவர்களுக்கு,

நான்தான். அன்றைக்கு உங்களுக்கு நன்றி சொன்னேனா என்று ஞாபகம் இல்லை, இப்போது சொல்கிறேன். எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து என் தாத்தாவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள், நானோ கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

படத்தைப் பார்த்துவிட்டேன். பெயரைப் படிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மடியில் பந்து வைத்திருப்பவரின் காதுகளைப் பார்த்தீர்களா? இரண்டும் தலையை விட்டு ஒதுங்கி, யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கப் போவது போல நிற்கும். அது என் அப்பாவின் காது. எனக்கும் அதேதான், முடியை வைத்து மறைத்துக்கொண்டிருக்கிறேன். நூலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அப்புறம் அழுதேன். சுபலட்சுமி தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, ஒன்றும் தெரியாதவள் போல, "உங்க தாத்தா பேரு என்னப்பா?" என்று கேட்டேன். காத்தான் என்றார். அப்படியென்றால் கா. மருதை என் தாத்தா. உங்கள் சி. மருதை வேறு ஆள். இவர் ஒரு குடும்பம், அவர் ஒரு குடும்பம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

அப்படித்தானே? எனக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. ஆனால் ஒரு காதையும் ஒரு எழுத்தையும் நம்பிச் சொல்லிவிட்டு, பிறகு தப்பென்று ஆனால் அவர் இன்னொரு தடவை தன் அப்பாவை இழக்க வேண்டிவரும். இன்னொரு ஆதாரம் கிடைக்கும்வரை பென்சிலில்தான் இருக்கட்டும் என்கிறார் சுபலட்சுமி. உங்கள் தாத்தாவின் அப்பா பெயர் என்ன? உங்கள் அப்பாவைக் கேளுங்கள். யாராவது ஒருவர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆனந்தவள்ளி

பொன்மலை
18.9.2024

அன்புள்ள ஆனந்தவள்ளிக்கு,

கேட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, லிசி மீன் குழம்பு வைத்து, அப்பா நல்ல மனநிலையில் இருக்கிற நேரம் பார்த்து, நூலகத்தில் வாங்கிவந்த படத்தின் நகலை எடுத்து முன்னால் வைத்தேன். முதலில் தன் அப்பாவைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் இருப்பவரைக் காட்டி, "இது கீப்பர் பெரியப்பா" என்றார். அவர் பெயர் என்ன என்றேன். "பெரியப்பாவுக்கு ஏதுடா பேரு?" என்றார். கீழே இருந்த எழுத்தைப் படித்துக் காட்டினேன். காது மெஷினைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. தாத்தாவின் அப்பா சின்னான். அவருடைய அண்ணன் ஒருவர், உறையூரில். அண்ணன் பெயர் அப்பாவுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த இரண்டு பேருடைய அப்பாவின் பெயர் தெரியும், ஏனென்றால் அந்தப் பெயரைத்தான் தாத்தாவுக்கு வைத்தார்களாம். மருதை. தலைச்சன் பேரனுக்குத் தாத்தா பெயர் என்று அண்ணனும் வைத்தார், தம்பியும் வைத்தார். ஆளுக்கொரு மருதை. உறையூரில் இதில் யாருக்கும் குழப்பம் வந்திருக்காது, பெரியவர் சின்னவர் என்று கூப்பிட்டிருப்பார்கள். குழப்பம் நம் அப்பாக்களுக்கு வந்தது. என் தாத்தா கோயிலில் ஞானஸ்நானம் வாங்கி என் பாட்டியைக் கட்டியதும் சின்னானும் மற்றவர்களும் அவரைத் தலைமுழுகிவிட்டார்கள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் அவர் பெயரை யாரும் எடுக்கவில்லை. கீப்பர் அண்ணன் மட்டும் கடைசிவரை வந்து போய்க்கொண்டிருந்தாராம்.

உங்கள் சுபலட்சுமிக்காக இன்னொரு ஆதாரமும் வைத்திருக்கிறேன். நேற்று கோயிலில் பழைய ஞானஸ்நானப் பதிவைப் பார்க்கக் கேட்டேன். "மருதை, தந்தை சின்னான், ஊர் உறையூர். ஞானப்பெயர் சவரிமுத்து." என் இனிஷியலில் இருக்கிற "ச" அவர்தான். இனிமேல் பேனாவில் எழுதலாம்.

அந்த ஞாயிறு முழுக்க அப்பா படத்தைக் கையிலேயே வைத்திருந்தார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "அப்போ எங்கப்பா எங்கம்மாவுக்கு மட்டும்தான்டா" என்றார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அடுத்த நிமிஷமே, "அப்ப அவன் எதுக்குடா என் சட்டையைக் கிழிச்சான்?" என்றார்.

உங்கள் அப்பாவிடம் எப்போது சொல்லப் போகிறீர்கள்? எங்கள் வீட்டில் தினமும் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கிளமென்ட்

ஸ்ரீரங்கம்
6.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் நீங்கள் எனக்கு அண்ணன்தான். பழைய பொய்க் கணக்கிலும் அண்ணன், புது நிஜக் கணக்கிலும் அண்ணன். விடை மாறாத கணக்கு எனக்குப் பிடிக்கும்.

படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போடாமல், அப்பா பேப்பர் படிக்கும் மேஜையில் வைத்தேன். யாரம்மா இது என்று கேட்டார். பந்து வைத்திருப்பவர் உங்கள் அப்பா, பக்கத்தில் இருப்பவர் பிலோமின்ராஜ் பெரியப்பாவின் அப்பா, இரண்டு பேரும் அண்ணன் தம்பி பிள்ளைகள், இரண்டு பேருக்கும் ஒரே தாத்தாவின் பெயர் என்று சொன்னேன். நீங்கள் எழுதியதையும் பதிவையும் மலரையும் வரிசையாகச் சொன்னேன். வகுப்பில் பாடம் நடத்துவது போலத் தாளில் எழுதியும் காட்டினேன்.

அப்பா எழுந்து பீரோ கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். படத்தைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். அந்தக் காதையும் தன் காதையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா பின்னால் வந்து நின்று, "இந்தக் காதைப் பார்த்துத்தான் எங்கப்பா முதல்ல வேணாம்னார்" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அப்பா உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு நல்ல மனுஷனை அறுபது வருஷமா மனசுக்குள்ள திட்டிட்டேனேம்மா" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவரே பத்திரிகை மாதிரியைக் கொண்டுவரச் சொல்லி, "உறையூர் அமரர் கா. மருதை அவர்களின் மகன்" என்று தன் கையால் எழுதினார். எழுத்து பெரிதாக வர வேண்டும் என்று அச்சகத்துக்கும் போன் போட்டார். மாப்பிள்ளை பெயரை விட அவர் அப்பா பெயர் பெரிதாக இருக்கிறதே என்று அச்சகத்துக்காரர் கேட்டாராம். அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார்.

பத்திரிகையை இணைத்திருக்கிறேன். நவம்பர் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நேரில் வந்து வைக்க வேண்டும் என்று அப்பா சொன்னார், பொன்மலை ஸ்டாப் வரை ஆட்டோவில் வந்தும்விட்டார். வாசல் வரை வரக் கால் வரவில்லை என்று திரும்பிவிட்டார். அதனால் கோபித்துக்கொள்ளாமல் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். காலைப் பூசைக்குப் பிறகு புறப்பட்டால்கூட முகூர்த்தத்துக்கு வந்துவிடலாம்.

சட்டையைப் பற்றிக் கேட்டேன். இந்தத் தடவையும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்தார்.

உங்கள் தங்கை,
ஆனந்தவள்ளி

பொன்மலை
18.11.2024

அன்புள்ள தங்கை வள்ளிக்கு,

நலம். அன்றைக்கு மண்டபத்தில் உனக்கு ஒரு இடத்தில் உட்கார நேரமில்லை. நீ வரைந்து மாட்டியிருந்த படத்துக்கு முன்னால்தான் பந்தியை விடக் கூட்டம். உச்சியில் ஒரு மருதை, அவருக்குக் கீழே காத்தான், சின்னான், அதற்கும் கீழே இரண்டு மருதைகள். அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டே வந்து லிசி தன் பெயரைக் கண்டுபிடித்து, எதிரில் வந்தவர்களையெல்லாம் இழுத்துக் காட்டினாள். சுபலட்சுமி மேடத்தைப் பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்திருக்கிறோம்.

நீ பார்க்காத ஒன்றை எழுதத்தான் இந்தக் கடிதம். தாலி கட்டி முடிந்து, எல்லோரும் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டிருந்தபோது சித்தப்பா திடீரென்று மேடையை விட்டு இறங்கினாரே, மாலையோடு எங்கே போகிறார் என்று நீ தேடினாயே, எங்களிடம்தான் வந்தார். அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, யாரும் அழவில்லை. சித்தப்பா வேட்டி மடிப்பிலிருந்து ஒரு ஜவுளிக்கடைப் பையை எடுத்து அப்பா மடியில் வைத்தார்.

"நீலக் கட்டம்தானேண்ணே?" என்றார்.

அப்பா பிரித்துப் பார்க்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். சித்தப்பாவின் காதைப் பிடித்துச் செல்லமாக ஒரு திருகு திருகினார். "கீப்பர் பெரியப்பா காதுடா" என்றார். அப்புறம் சித்தப்பா மேடைக்குத் திரும்பிப் போனார்.

நேற்று பூசைக்கு அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு ஆள் நுழையலாம், அவ்வளவு தொளதொள. சித்தப்பாவின் மனதில் அறுபது வருஷத்துக்கு முந்தைய பிலோமின்ராஜ் இருந்திருக்கிறார், அந்த அளவுக்கு எடுத்துவிட்டார். தையல்காரரிடம் கொடுத்துப் பிடித்துத் தரட்டுமா என்று லிசி கேட்டாள். அப்பா சட்டையின் முன்பக்கத்தைக் கையால் பற்றி, எல்லோரும் பார்க்க ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார்.

"வேணாம்மா, இப்படியே இருக்கட்டும். எத்தனை பேர் பிடிச்சு இழுத்தாலும் கிழியாத மாதிரி தம்பி பார்த்து எடுத்திருக்கான்."

உன் அண்ணன்,
கிளமென்ட்